மிச்சப் பருவத்தின் வரலாறு

உதைபந்தாட்டத் தொடர்களைக் கோடையில் நடத்துவதா, குளிர்காலத்தில் நடத்துவதா என்ற விவாதம் உலகின் பல பகுதிகளில் மீண்டும் தலைதூக்கியிருக்கிறது. பெப்ரவரியில் தொடங்கி டிசெம்பரில் முடிந்துவந்த தனது தொடரை, 2026ஆம் ஆண்டு முதல் ஓகஸ்ட் மாதத்தில் தொடங்கி மறு ஆண்டு யூன் மாதத்தில் முடிப்பதென யப்பானிய லீக் 2023 டிசெம்பரில் தீர்மானித்தது. வட அமெரிக்காவின் தலைமை லீக்கும் 2027 முதல் அவ்வழியே செல்லப்போவதாக 2025 நவெம்பரில் அறிவித்தது. இவ்விவாதத்தில் ஈடுபடுவோர் பெரும்பாலும் பனியையும் வெயிலையும் பற்றியே பேசுகின்றனர். பருவம் என்பது இயற்கை தருவது. மனிதன் அதற்கேற்ப ஆடுகிறான் என்பது அவர்தம் நினைப்பு. வரலாற்றை நோக்குமிடத்து இந்த நினைப்பு அரைகுறை உண்மையே எனத் தெரிகிறது.

நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்று வகுத்தனர் நம் இலக்கண நூலார். நிலத்துக்கும் பொழுதுக்கும் இடையே உள்ள உறவை அவர்கள் உணர்ந்திருந்தனர். ஆயின், நிலம் ஒருவன் உடைமையான பின்னர் பொழுதும் அவன் உடைமையாகிவிடுகிறது என்பது பிற்காலம் நமக்குக் கற்பித்த பாடம். உதைபந்தாட்டத்தின் பருவம் எவ்வாறு உருவாயிற்று என்ற கதை இதற்கு நல்ல சான்று.

கதை இங்கிலாந்தில் தொடங்குகிறது. குளிரும் சேறும் நிறைந்த நாட்டில், செப்ரெம்பர் தொடக்கம் ஏப்ரில் முடிய, ஆண்டின் மிக மோசமான மாதங்களைத் தேர்ந்து உதைபந்தாடுவானேன்? இக்கேள்விக்குரிய விடை உதைபந்தாட்டத்தில் இல்லை. கிறிக்கெற் ஆட்டத்தில் உள்ளது. கோடையும் நல்ல புற்றரையும் ஏற்கெனவே அவ்வாட்டத்துக்கு உரியனவாகிவிட்டன. நிலவுடைமையாளரும் கனவான்களும் பேணி வளர்த்த ஆட்டம் அது. 1857இல் ஷெபீல்ட் நகரில் முதலாவது உதைபந்தாட்டக் கழகம் கிறிக்கெற் வட்டாரத்தைச் சேர்ந்தவர்களாலேயே தோற்றுவிக்கப்பட்டது. குளிர்காலத்தில் உடலை உறுதியாக வைத்திருப்பதே அவர்கள் நோக்கம். அதே நகரில் 1820இல் தோன்றிய கிறிக்கெற் கழகம் ஒன்று, குளிர்காலத்தில் தன் உறுப்பினர் சிதறிப்போகாதிருக்கும் பொருட்டு 1867இல் உதைபந்துப் பிரிவொன்றைத் தொடங்கியது. உறுப்பினருக்கு அரைநாள் ஓய்வு புதன்கிழமையில் கிடைத்தமையால் அக்கழகத்துக்கு அக்கிழமையின் பெயரே அமைந்தது. ஷெபீல்ட் வெட்னஸ்டே என்று இன்றும் அது வழங்குகிறது. ஓய்வுநாளின் பெயரையே கழகத்தின் பெயராகத் தாங்கி நிற்பது, அக்காலத்து உழைப்போருக்கு அந்த அரைநாள் எத்துணை அரிய பொருளாயிருந்தது என்பதைக் காட்டும்.

1863 ஒக்ரோபரில் இலண்டனில் உதைபந்தாட்டச் சங்கம் அமைந்தது. அச்சங்கத்தின் செயலாளரான சாள்ஸ் அல்கொக் என்பாரே 1872 முதல் சறே மாவட்டக் கிறிக்கெற் கழகத்தின் செயலாளராகவும் இருந்தார். சங்கக் கிண்ணத்துக்கான முதலாவது இறுதியாட்டம் 1872 மார்ச் 16இல் அந்தக் கிறிக்கெற் கழகத்தின் ஓவல் மைதானத்திலேயே நடைபெற்றது. ஓராண்டு நீங்கலாக 1892 வரை இறுதியாட்டங்கள் யாவும் அங்கேதான். பார்வையாளர் கூட்டம் பெருகியதும் புற்றரை பழுதாகும் என்று கிறிக்கெற் கழகத்தார் அஞ்சினர். 1893இல் இறுதியாட்டம் மான்செஸ்ரருக்குப் போயிற்று. ஷெபீல்டின் பிறமோல் லேன் மைதானமும் கிறிக்கெற்றுக்கென 1855இல் திறக்கப்பட்டதுதான். 1973 வரை இரண்டு ஆட்டங்களும் அங்கு நடந்தன. ஒரு பக்கம் கிறிக்கெற்றுக்காகத் திறந்து கிடந்தமையால் உதைபந்தாட்டத்துக்கு மூன்று பக்கங்களில் மட்டுமே பார்வையாளர் நிற்க முடிந்தது. ஓர் ஆட்டம் மற்றோர் ஆட்டத்தின் வீட்டில் குடியிருந்தமைக்கு இதைவிட வெளிப்படையான அடையாளம் தேவையில்லை.

எனவே குளிர்காலம் உதைபந்தாட்டத்துக்குப் பொருத்தமான பருவம் என்று எவரும் ஆராய்ந்து கண்டதில்லை. கிறிக்கெற் எடுத்துக்கொண்டது போக எஞ்சிய பருவம் அது. மிச்சப் பருவம் என்று நாம் அதனை அழைக்கலாம்.

ஆயின் இம்மிச்சத்தைத் தொழிலாளர் தமதாக்கிக்கொண்டனர் என்பதே கதையின் சுவையான பகுதி. 1850ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம், நெசவாலைகளில் பெண்களும் இளைஞரும் சனிக்கிழமைகளில் பிற்பகல் 2 மணிக்குப் பின் வேலை செய்தலாகாது என விதித்தது. அவர்களின்றி ஆலையின் இயந்திரங்கள் இயங்கா. ஆகவே ஆண்களுக்கும் அந்நேரமே விடுதலை. இச்சட்டம் ஆலை முதலாளிகளின் இரக்கத்தினால் வந்ததன்று. பத்து மணிநேர வேலைநாளுக்காகப் பல ஆண்டுகள் நடைபெற்ற கிளர்ச்சி 1847இல் பெற்ற வெற்றியின் தொடர்ச்சியே அது. டிசெம்பர் மாதத்தில் மான்செஸ்ரரில் சூரியன் பிற்பகல் நான்கு மணிக்கு முன்னரே மறைந்துவிடும். மின்விளக்கு இல்லாத காலம். கோடையாயின் வேலை முடிந்து வந்த தொழிலாளி வாரத்தின் எந்த மாலையிலும் ஒன்பது மணிவரை வெளிச்சத்தில் ஆடலாம், பார்க்கலாம். குளிர்காலத்திலோ, ஆலைச் சங்கு ஊதுவதற்கும் இருள் கவிவதற்கும் இடைப்பட்ட சனிக்கிழமை இரண்டு மணிநேரமே அவனுக்குரியது. சட்டம் தந்த நேரமும் வானம் தந்த வெளிச்சமும் சந்திக்கும் அந்தச் சிறு இடுக்கில்தான் நவீன உதைபந்தாட்டம் பிறந்தது. சனிக்கிழமை மூன்று மணி என்பது இங்கிலாந்தில் ஒரு சமயச் சடங்கின் நேரம்போல் ஆனதன் காரணம் இதுவே.

1883 மார்ச்சில், நெசவாளரும் நூற்பாலைத் தொழிலாளரும் இடம்பெற்ற பிளாக்பேண் ஒலிம்பிக் குழு, ஈற்றன் கல்லூரியின் பழைய மாணவரை 2-1 என்ற கோல் கணக்கில் வென்று சங்கக் கிண்ணத்தை வடக்கே கொண்டு சென்றது. ஆடுவதற்குக் கூலி பெறுவது 1885இல் சட்டபூர்வமாயிற்று. பேர்மிங்காமில் புடைவைக் கடை வைத்திருந்த வில்லியம் மக்கிறெகரின் முயற்சியால் 1888இல் 12 கழகங்கள் கூடி லீக் அமைத்தன. ஆறு கழகங்கள் லங்காஷயரைச் சேர்ந்தவை. ஆறு நடுநாட்டைச் சேர்ந்தவை. இலண்டனிலிருந்து ஒன்றேனும் இல்லை. முதல் ஆட்டங்கள் செப்ரெம்பர் 8ஆம் நாள், கிறிக்கெற் பருவம் ஓயும் வேளையில் நடந்தன.

இவ்விடத்தில் ஒன்று கூறல் வேண்டும். குளிர்காலம் முழுக்க முழுக்க மேலிருந்து திணிக்கப்பட்டது என்று சொல்வதும் பிழை. லங்காஷயரின் நெசவு நகரங்களில் கோடையில் ஆண்டுக்கொரு முறை ஆலைகள் அனைத்தும் ஒரே வாரத்தில் மூடப்படும். நகரம் நகரமாக மக்கள் புகைவண்டியேறிப் பிளாக்பூல் கடற்கரைக்குச் செல்வர். அவ்வாரத்தில் தெருக்கள் வெறிச்சோடும். கோடை அவர்களுக்குக் கடற்கரைக்குரியது, குளிர்காலம் மைதானத்துக்குரியது. நத்தார்த் தினத்திலும் முழு ஆட்ட நிரல் நடைபெற்றது, அன்று தொழிலாளிக்கு விடுமுறை என்பதால். 1957 வரை இங்கிலாந்தில் இவ்வழக்கம் நீடித்தது. பிறர் விட்டெறிந்த பருவத்தில் தொழிலாளர் தம் வாழ்வின் தாளத்தைப் பொருத்திக்கொண்டனர். அதனால்தான் பிற்காலத்தில் அப்பருவத்தை மாற்ற முயன்றபோதெல்லாம், சேற்றில் நின்று நனைந்த அதே மனிதர் அதற்காகப் போராடினர்.

மிச்சப் பருவம் என்ற நமது சொல் பொருத்தமானதா என்பதை வேறொரு மண்ணில் சோதித்துப் பார்க்கலாம். கல்கத்தாவில் வானிலை தலைகீழானது. அங்கு குளிர்காலமே உலர்ந்த, இனிய பருவம். எனவே கிறிக்கெற் குளிர்காலத்தைப் பிடித்துக்கொண்டது. உதைபந்தாட்டத்துக்கு விடப்பட்டது மே தொடங்கி செப்ரெம்பர் வரையான புழுக்கமும் பெருமழையும். 1898இல் தொடங்கிய கல்கத்தா லீக் மழைக்கால லீக்காகவே வளர்ந்தது. ஆட்டம் நிகழ்ந்த மைதான வெளி இராணுவத்தின் ஆளுகைக்கு உட்பட்டது. பருவம் மாறியது, விதி மாறவில்லை. ஆளும் வர்க்கத்தின் ஆட்டம் எடுத்துக்கொண்டது போக எஞ்சியதே மற்றதற்கு.

அங்கு இம்மிச்சப் பருவத்துக்கு அரசியற் பொருளும் ஏற்பட்டது. 1911 யூலை 29இல் மோகன் பகான் குழு கிழக்கு யோர்க்ஷயர் படைப்பிரிவை 2-1 என வென்று கேடயத்தைக் கைப்பற்றியபோது, அக்குழுவின் பதினொருவரில் பதின்மர் வெறுங்காலினர். உலர்ந்த நிலத்தில் வெறுங்கால் விரைவு தரும். நனைந்த நிலத்தில் சப்பாத்தணிந்த வெள்ளைச் சிப்பாயே நிலைத்து நிற்பான். மழைக்காலத் தொடரில் வெறுங்காலுடன் ஆடுவோர் வானத்தையும் எதிரணியாகக் கொண்டிருந்தனர் எனலாம். முகமதன் ஸ்போர்ட்டிங் குழு மழை நாள்களில் சப்பாத்தணியத் தொடங்கியது; 1934 முதல் 1938 வரை தொடர்ந்து ஐந்து ஆண்டுகள் லீக்கை வென்றது. அதற்கு முன் இந்தியக் கழகம் எதுவும் அந்த லீக்கை வென்றதில்லை. பருவத்தை மாற்றும் அதிகாரம் இல்லாதவர்கள் காலணியை மாற்றினர்.

மீண்டும் இங்கிலாந்துக்கு வருவோம். பருவம் என்பது வெறும் நாட்காட்டி அன்று. அது கூலிப் பட்டியலும் ஆகும். இதனைப் பற்றி உதைபந்தாட்ட வரலாறு எழுதுவோர் அதிகம் பேசுவதில்லை. 1901இல் ஆட்டக்காரரின் வாரக் கூலிக்கு 4 பவுண் என உச்சவரம்பு விதிக்கப்பட்டது. எத்துணைத் திறமை இருப்பினும், எத்தனை ஆயிரம் மக்கள் வாயிலில் காசு கொடுத்து நுழையினும், அதற்குமேல் கிடையாது. 1922இல் இவ்வரம்பு பருவத்தோடு பிணைக்கப்பட்டது. ஆட்டப் பருவத்தில் வாரத்துக்கு 8 பவுண். ஆட்டமில்லாக் கோடையில் 6 பவுண். 1958இல் 20 பவுணும் 17 பவுணும். கோடை வந்ததும் கூலி இறங்கும். பயிர் அறுவடை முடிந்ததும் கூலியாளின் படியைக் குறைக்கும் பண்ணையாரின் கணக்கே இது. கோடையில் அம்மனிதனுக்கும் அவன் குழந்தைகளுக்கும் பசி குறைவதில்லை என்பது கணக்கில் வரவில்லை.

இதனினும் கொடியது, ஒப்பந்தம் முடிந்த பின்னரும் ஆட்டக்காரரின் பதிவைக் கழகம் தன்னிடமே நிறுத்தி வைத்துக்கொள்ளும் முறை. பருவ முடிவில் கழகம் வெளியிடும் பட்டியலில் யார் பெயர் எவ்விடத்தில் இருக்கும் என்று தெரியாமல் ஆட்டக்காரர் வசந்த காலத்தைக் கழித்தனர். தக்கவைத்துக்கொள்ளப்பட்டவன் புதிய ஒப்பந்தத்துக்கு உடன்படாவிடின் கூலியும் இல்லை. வேறு கழகத்தில் ஆடும் உரிமையும் இல்லை. நியூகாசில் கழகத்தை விட்டுச் செல்ல விரும்பிய ஜோர்ஜ் ஈஸ்ற்ஹாம் என்ற ஆட்டக்காரர் 1960இல் மாதக் கணக்காக ஆடாதிருந்து, வேறு வேலை பார்த்து வயிறு வளர்க்க நேர்ந்தது. அம்முறை தொழில் செய்யும் உரிமைக்கு நியாயமற்ற தடை என 1963இல் நீதிபதி வில்பர்போர்ஸ் தீர்ப்பளித்தார். அதற்கு முன்னரே, 1961 யனவரியில், ஜிம்மி ஹில் தலைமையிலான ஆட்டக்காரர் தொழிற்சங்கம் வேலைநிறுத்தம் செய்வதாக எச்சரித்ததன் பேரில் கூலி உச்சவரம்பு ஒழிந்தது. கோடைக் கூலி என்ற தனி வரம்பும் அத்துடன் ஒழிந்தது. கோடைப் பருவமா குளிர்ப் பருவமா என்ற விவாதத்தில், ஆண்டின் பன்னிரண்டு மாதங்களுக்கும் உழைப்பாளிக்கு என்ன கிடைக்கிறது என்ற வினாவைத் தொழிற்சங்கமே முதலில் எழுப்பியது.

சிலருக்குக் கோடையிலும் ஆட்டம் கிடைத்தது. டெனிஸ் கொம்ப்ரன் குளிர்காலத்தில் ஆர்சனல் கழகத்துக்கு உதைபந்தாடினார். கோடையில் மிடில்செக்சுக்கும் இங்கிலாந்துக்கும் கிறிக்கெற் ஆடினார். 1975 செப்ரெம்பரில் கிறிஸ் பால்டர்ஸ்ரன் என்பார், பகலெல்லாம் லெஸ்ரர்ஷயருக்குத் துடுப்பெடுத்து நின்று, மாலையில் டொன்காஸ்ரருக்கு உதைபந்தாடி, மறுநாட் காலை மீண்டும் துடுப்புடன் சென்றார். இது வியந்து பாராட்டப்படும் செய்தி. பாராட்டுக்குரியதே. இரு பருவங்களும் ஒன்றன்மேல் ஒன்று ஏறத் தொடங்கிவிட்டன என்பதையும் அது காட்டுகிறது.

குளிர்காலம் தன் கொடுமையைக் காட்டிய ஆண்டுகள் இரண்டு. 1947இல், நிலக்கரிச் சுரங்கங்கள் அரசுடைமையாகிய அதே யனவரியைத் தொடர்ந்து, பெரும் பனி நாட்டை முடக்கியது. எரிபொருட் பற்றாக்குறை. தொழிலாளர் வேலைக்கு வராது ஆட்டம் பார்க்கச் செல்வர் என்று தொழிற்கட்சி அரசாங்கம் வாரநாள் ஆட்டங்களைத் தடுத்தது. ஒத்திவைத்த ஆட்டங்களைச் சனிக்கிழமைகளிலேயே ஆடித் தீர்க்கவேண்டியதாக, பருவம் யூன் 14 வரை இழுபட்டது. தொழிலாளரின் கட்சி ஆட்சிக்கு வந்த பின்னும் தொழிலாளரின் ஓய்வுநேரம் உற்பத்திக் கணக்கின் ஒரு பகுதியாகவே நோக்கப்பட்டது என்பதை நம்மவர் சிந்தித்தல் நன்று.

1963ஆம் ஆண்டின் பனி இதனினும் கடுமையானது. சங்கக் கிண்ணத்தின் மூன்றாம் சுற்று யனவரி 5இல் தொடங்கி மார்ச் 11இல் முடிந்தது, அறுபத்தாறு நாள்கள். அச்சுற்றில் மட்டும் 261 முறை ஆட்டங்கள் ஒத்திவைக்கப்பட்டன. கோடைக்கு மாறிவிடலாம் என்ற பேச்சு அப்போதும் எழாமலில்லை. ஆயின் உண்மையில் விரைந்து இயங்கியவர்கள் யார்? ஆட்ட முடிவுகளை ஊகித்துப் பணங்கட்டும் பந்தயச் சீட்டு நடத்திய கம்பனிகள். லிவர்பூலை மையமாகக் கொண்டு 1920கள் முதல் வளர்ந்த இப்பந்தயத்தில் வாரந்தோறும் தொழிலாளர் குடும்பங்களின் சில்லறை கோடிக்கணக்காகச் சேர்ந்தது. ஆட்டம் இல்லையேல் பந்தயம் இல்லை. எனவே 1963 யனவரி 26இல் ஒரு பிரபுவின் தலைமையில் முன்னாள் ஆட்டக்காரர் நால்வரும் நடுவர் ஒருவரும் ஓர் அறையில் கூடி, ஆடப்படாத ஆட்டங்களுக்கு முடிவு சொன்னார்கள்! இன்ன கழகம் வென்றது, இன்ன கழகம் தோற்றது என்று அறிவித்தார்கள். மைதானத்தில் ஒரு பந்தும் உதைபடவில்லை. 1949 முதற்கொண்டே கோடையில் இக்கம்பனிகள் அவுஸ்திரேலிய ஆட்டங்களைக் கொண்டு தம் சீட்டை நிரப்பிவந்தன. மூலதனத்துக்குக் கோடையுமில்லை, குளிருமில்லை.

மின்விளக்கின் வருகை இவ்வழக்கின் அடிப்படையையே மாற்றியிருக்கவேண்டும். 1878லேயே ஷெபீல்டில் மின்னொளியில் ஆடிக் காட்டினர். எனினும் 1930இல் சங்கம் அதனைத் தடைசெய்தது. லீக் ஆட்டமொன்று மின்விளக்கின் கீழ் நடைபெற 1956 பெப்ரவரி வரை காத்திருக்க நேர்ந்தது. இருளின் தடை நீங்கியதும் வாரநாள் இரவுகள் திறந்துகொண்டன. ஐரோப்பியக் கிண்ணப் போட்டி 1955இல் தொடங்கியது, தொலைக்காட்சி வந்தது. சனிக்கிழமைப் பிற்பகலின் தனியுரிமை தளர்ந்தது. 1973-74இல் சுரங்கத் தொழிலாளர் போராட்டத்தின்போது ஹீத் அரசாங்கம் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தியது. மின்விளக்குகள் அணைந்தன, அதனால் 1974 யனவரியில் முதன்முறையாக ஞாயிற்றுக்கிழமைகளில் ஆட்டங்கள் நடந்தன. ஞாயிறன்று நுழைவுக் கட்டணம் வாங்குவதைத் தடுக்கும் 1780ஆம் ஆண்டுச் சட்டம் இருந்தமையால், நுழைவு இலவசமென்று கூறி ஆட்டக் குறிப்பேட்டை விலைக்கு விற்றனர். இருநூறு ஆண்டு மதச் சட்டத்தைச் சுரங்கத் தொழிலாளரின் போராட்டம் இவ்வாறு ஓட்டையாக்கியது.

இயற்கை உண்மையாகவே ஆணையிடும் நாடுகளும் உண்டு. பின்லாந்தில் யனவரியில் எவரும் லீக் ஆட்டம் ஆட நினையார். சோவியத் நாட்டின் லீக் 1936 மே மாதத்தில் தொடங்கியபோது வசந்தமும் இலையுதிர்காலமும் அதன் பருவங்களாயின. குளிர்காலம் பனித்தரை ஆட்டங்களுக்கு உரியது. வெசவலட் பொப்ரோவ் கோடையில் உதைபந்தும் குளிர்காலத்தில் பனித்தரை ஹொக்கியும் ஆடினார். 1952 ஒலிம்பிக்கில் உதைபந்தாட்டக் குழுவின் தலைவர். 1956 ஒலிம்பிக்கில் ஹொக்கியில் தங்கப் பதக்கம். இங்கிலாந்தின் கொம்ப்ரனுக்கு இவரே மறுபக்கக் கண்ணாடி.

ஆயின் சோவியத் நாட்டுக்குப் பொருந்தியது எங்கும் பொருந்தும் என்று எண்ணியதும் தவறாயிற்று. கிழக்கு ஜேர்மனி 1956 முதல் 1960 வரை சோவியத் முறையைப் பின்பற்றி நாட்காட்டி ஆண்டில் ஆடிப் பார்த்து, 1961-62இல் பழைய முறைக்கே திரும்பியது. நமக்கு உவப்பான நாடுகள் செய்தன என்பதற்காக இதனை மறைத்து எழுதுவது வரலாறு ஆகாது. சுவீடனோ எதிர்த்திசையில் சென்றது. 1924 முதல் இலையுதிர்காலத்தில் தொடங்கிய தன் லீக்கை, ஒன்றரை ஆண்டு நீண்ட 1957-58 தொடருக்குப் பின் கோடைக்கு மாற்றியது. மாற்றிய முறை இன்றும் நிலைத்துள்ளது. டென்மார்க் 1991இல் கோடையை விட்டு வெளியேறியது. ருஷ்யா 2011-12இல் வெளியேறியது. டிசெம்பர் முதல் மார்ச் வரை மைதானங்கள் உறைந்துகிடக்கும் ருஷ்யா ஏன் குளிர்காலப் பருவத்துக்கு மாறிற்று? வானிலை மாறிவிடவில்லை. மேற்கு ஐரோப்பியப் போட்டிகளின் நாட்காட்டியும், ஆட்டக்காரரை வாங்கி விற்கும் சந்தையின் நாட்காட்டியுமே அதனை இழுத்தன. 2002 முதல் ஆட்டக்காரர் மாற்றத்துக்கு உலகெங்கும் ஆண்டில் இரண்டு காலப்பகுதிகள் மட்டுமே என விதி வகுக்கப்பட்டது. பெரிய சந்தை ஓகஸ்ட் மாதத்தில் கூடும். வசந்தத்தில் பருவத்தைத் தொடங்கும் நாடு, தன் சிறந்த ஆட்டக்காரரைப் பருவத்தின் நடுவே இழக்கிறது.

கோடையின் பக்கம் நின்றவர்களும் ஒரே காரணத்துக்காக நிற்கவில்லை. அயர்லாந்து லீக் 2003இல் கோடைக்கு மாறியது. சிறிய கழகங்கள், வறிய மைதானங்கள், யூலையில் தொடங்கும் ஐரோப்பியப் போட்டிகளுக்கு ஆயத்தமில்லாத ஆட்டக்காரர் என்பன காரணங்கள். 2004இல் ஷெல்பேண் கழகம் ஸ்பெயினின் பெருங்கழகமொன்றைத் தன் மண்ணில் கோலின்றிச் சமன் செய்தது. 2011இல் ஷம்றொக் றோவர்ஸ் ஐரோப்பியப் போட்டியொன்றின் குழுநிலையை எட்டியது. அம்மாற்றம் கழகங்களின் தேவையிலிருந்து எழுந்தது. பயனும் தந்தது எனலாம்.

வட இங்கிலாந்தின் றக்பி லீக் கதை வேறு. வேலை இழந்து ஆடும் சனிக்கிழமைக்கு இழப்பீட்டுக் கூலி கேட்டுக் கனவான்களின் சங்கத்திலிருந்து 1895இல் ஹடர்ஸ்பீல்டில் பிரிந்த ஆட்டம் அது. சுரங்கத் தொழிலாளரும் ஆலைத் தொழிலாளரும் நூறாண்டு குளிர்காலத்தில் வளர்த்தது. 1984-85 சுரங்க வேலைநிறுத்தம் தோற்றுப் பத்தாண்டு கழிந்து, சுரங்கங்கள் மூடுண்டு கிடந்த வேளையில், 1995இல் மேர்டொக்கின் கம்பனி 87 மில்லியன் பவுணைக் காட்டியது. 1996 முதல் ஆட்டம் கோடைக்கு மாறியது. பெதர்ஸ்ரன், காசில்போர்ட், வேக்பீல்ட் ஆகிய சுரங்க நகரக் கழகங்களை ஒன்றாகக் குழைத்துவிடவும் திட்டமிட்டனர். மக்கள் திரண்டெதிர்த்து அதனைத் தடுத்தனர். பருவத்தைத் தடுக்க அவர்களால் இயலவில்லை. கோடையில் நிலம் உலர்ந்ததென்பதும் ஆட்டம் விரைவுற்றதென்பதும் மெய்யே. ஆயின் கேட்டுச் செய்த மாற்றத்துக்கும் விலைபேசிச் செய்த மாற்றத்துக்கும் வேறுபாடுண்டு.

பெண்களின் கதையைக் கூறாது விடுதல் தகாது. பிறெஸ்ரன் நகரத் தொழிற்சாலைப் பெண்களின் குழுவான டிக் கேர் மகளிர் 1920 டிசெம்பர் 26இல் லிவர்பூலில் ஆடியபோது 53,000 மக்கள் திரண்டனர். மறு ஆண்டு டிசெம்பர் 5ஆம் நாள், தன் கழகங்களின் மைதானங்களில் பெண்கள் ஆடுவதைச் சங்கம் தடைசெய்தது. ஐம்பது ஆண்டு அத்தடை நீடித்தது. நிலம் மறுக்கப்பட்டவருக்குப் பொழுது ஏது? 2011இல் பெண்களுக்கென உயர் லீக் தொடங்கியபோது அவர்களுக்குக் கோடை கொடுக்கப்பட்டது, ஆண்களின் ஆட்டத்தோடு மோதாதிருக்கும் பொருட்டு. கிறிக்கெற் ஒருகாலத்தில் உதைபந்தாட்டத்துக்குச் செய்ததை ஆண்கள் பெண்களுக்குச் செய்தனர். 2017-18இல்தான் அவர்களின் தொடர் குளிர்காலத்துக்கு வந்தது.

இப்பொழுது யப்பானைப் பற்றி நமது கருத்தைக் கூறலாம். அங்கு கோடை வெப்பம் ஆட்டக்காரரை வருத்துவது உண்மை. ஆசியக் கழகங்களின் தலைமைப் போட்டி 2023-24 முதல் இலையுதிர்காலத்தில் தொடங்குவதும் உண்மை. ஆயின் யப்பான் கடலோரத்தில் பெரும் பனி பொழியும் நியிகட்டா போன்ற நகரங்களின் கழகங்கள் குளிர்காலத்தில் எங்கே பயிற்சி செய்யும்? புதிய நிரலில் டிசெம்பர் நடு முதல் பெப்ரவரி நடு வரை ஓய்வு விட்டிருக்கின்றனர். அவ்வோய்வின் இரு ஓரங்களிலும் பனி நிற்கிறது. நியிகட்டாக் கழகம் இம்மாற்றத்தை வெளிப்படையாக எதிர்த்தது. பனிநாட்டுக் கழகங்களுக்கு மூடிய பயிற்சிக்களம் அமைத்துக் கொடுக்கும் செலவைச் சந்தையால் பயன்பெறும் பெருங்கழகங்கள் ஏற்குமாயின் இம்மாற்றம் நியாயமாகும், ஏலாவிடின் நியாயமாகாது. எந்தப் பருவம் நல்லது என்பதை உலகுக்கெல்லாம் ஒன்றாக விதிக்க இயலாது. செலவு யார் தலையில் விழுகிறது என்பதை மட்டும் எல்லா இடத்திலும் ஒன்றாகவே கேட்கலாம்.

பருவ மாற்றத்தின் மிகப் பெரிய நாடகம் 2022இல் கட்டாரில் நடந்தது. 2010 டிசெம்பர் 2இல் உலகக் கிண்ணப் போட்டி அந்நாட்டுக்கு வழங்கப்பட்டபோது, அது வழமைபோல் யூன், யூலை மாதங்களிலேயே நடைபெறும் என்பது ஏற்பாடு. பாலைவனக் கோடையில் ஆட்டக்காரர் ஆட முடியாது என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. 2015 மார்ச்சில் போட்டி நவெம்பர், டிசெம்பர் மாதங்களுக்கு மாற்றப்பட்டது. ஐரோப்பாவின் பெரிய லீக்குகள் தம் பருவத்தின் நடுவே ஒரு மாதத்துக்கு மேல் நிறுத்தப்பட்டன. நூற்றைம்பது ஆண்டு அசையாதிருந்த நாட்காட்டி பணத்தின்முன் அசைந்துகொடுத்தது.

ஆனால் அம்மைதானங்களைக் கட்டியவர்கள் கோடைகளில்தான் கட்டினார்கள். நேபாளம், இந்தியா, வங்காளதேசம், பாகிஸ்தான், இலங்கை முதலிய நாடுகளிலிருந்து சென்றவர்கள் அவர்கள். நம்மூர்களிலிருந்து முகவருக்குக் கடன்பட்டுப் பணம் கட்டிச் சென்றவரும் அவருள் உளர். இவ்வைந்து நாடுகளையும் சேர்ந்த 6,500க்கு மேற்பட்ட தொழிலாளர் 2010க்குப் பின் பத்தாண்டுகளில் கட்டாரில் எல்லாக் காரணங்களாலும் இறந்ததாக இலண்டன் கார்டியன் நாளிதழ் 2021 பெப்ரவரியில் கணக்கிட்டு எழுதியது. அவருள் மைதான வேலையில் இறந்தோர் எத்தனைபேர் என்பது தனியே பதியப்படவில்லை. பெருந்தொகையினரின் மரணம் இயற்கை மரணம் என்றே குறிக்கப்பட்டது. கோடை நண்பகலில் வெளிவேலை செய்தலாகாது என்ற விதி அந்நாட்டில் 2007 முதல் இருந்தது: யூன் நடு முதல் ஓகஸ்ட் இறுதி வரை, முற்பகல் 11.30 முதல் பிற்பகல் 3 மணி வரை. ஆட்டக்காரருக்காகப் பருவம் 2015இல் மாற்றப்பட்டது. தொழிலாளருக்கான அந்த விதி யூன் 1 முதல் செப்ரெம்பர் 15 வரை, காலை 10 மணி முதல் 3.30 மணி வரை என நீட்டப்பட்டது 2021 மே மாதத்தில். எட்டு மைதானங்களில் நான்கு அதற்கு முன்னரே திறக்கப்பட்டுவிட்டன.